பள்ளி மாணவர்களிடையே செவிலியல் ஆய்வு: உடல்நல அறிவு, சுத்தப் பழக்கம், பதற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் கல்லூரிகளில் இளநிலை இறுதியாண்டிலும் முதுநிலையிலும் படிப்பவர்கள் ஆய்வேட்டுக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும்போது எழும் கேள்விகளும், அவர்களுக்கு அனுமதி தரவேண்டிய தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் தமிழ்நாட்டுப் பள்ளிச் சூழலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தைச் செவிலியர்கள் ஏன் ஆராய வேண்டும்? அது மருத்துவர்களின் வேலை அல்லவா?

நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவது மருத்துவரின் பணி. நோய் வராமலிருக்க என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், சொல்லிக்கொடுத்தது வீட்டிலும் வகுப்பிலும் நடக்கிறதா என்று பார்ப்பதும் சமுதாய நலச் செவிலியரின் அன்றாட வேலை. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரை, 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவப் பரிசோதனை என்று பல திட்டங்கள் பள்ளி வாசல் வழியாகவே பிள்ளைகளை அடைகின்றன. இவ்வளவு இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாத்திரை பள்ளிக்கு வந்து சேர்வதற்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் போவதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு செவிலியருக்குத்தான் அதிகம்.

இத்தகைய ஆய்வேடு வழக்கமாக எந்த வடிவில் இருக்கும்?

நர்சிங் கல்லூரி நூலகத்தில் ஆய்வேட்டு அடுக்கைப் புரட்டினால் வடிவம் உடனே பிடிபட்டுவிடும். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பள்ளியில் பயிலும் மாணவர்களிடையே, ஒரு குறிப்பிட்ட பொருள் பற்றிய அறிவில், கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயன்திறனை மதிப்பிடும் ஆய்வு’ என்ற அளவில் தலைப்பு இருக்கும். பெரும்பாலும் ஒரே குழு. முதலில் ஒரு வினாப்பட்டியைக் கொடுத்து மதிப்பெண் எடுப்பார்கள். பிறகு படவிளக்க அட்டைகளையோ திரைக்காட்சியையோ வைத்து அரைமணி, முக்கால்மணி நேரம் பாடம் நடத்துவார்கள். ஏழாம் நாள் அதே வினாப்பட்டி மறுபடியும் வரும். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மாணவர்களின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும் இணை டி சோதனையால் பார்த்து, வயது, பாலினம், பெற்றோரின் கல்வி போன்றவற்றோடு மதிப்பெண்ணுக்குத் தொடர்பு உண்டா என்று கை-வர்க்கச் (chi-square) சோதனையால் பார்த்து முடிப்பார்கள். கோட்பாட்டுச் சட்டகம் என்ற இயலில் செவிலியல் அறிஞர்களான நோலா பெண்டரின் நலமேம்பாட்டு மாதிரி, இமோஜீன் கிங்கின் இலக்கு எட்டல் கோட்பாடு ஆகியவற்றில் ஒன்று படத்துடன் இடம்பெறும். அதற்கும் அடுத்து வரும் இயல்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத ஆய்வேடுகளும் உண்டு.

இந்த வடிவத்தில் தவறு இல்லை. ஆய்வு செய்யக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அது நல்ல தொடக்கம். அது எதை நிறுவும், எதை நிறுவாது என்று தெரியாமல் முடிவுரை எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. கீழே உள்ள பெரும்பாலான விடைகள் அந்தச் சிக்கலைப் பற்றியவையே.

அறிவை அளக்கும் வினாப்பட்டியை எப்படித் தயாரிப்பது?

எதைக் கற்பிக்கப் போகிறோமோ அதன் பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை கேள்விகள் என்று ஒரு திட்டவரைவு போட்டுக்கொண்டு தொடங்கவேண்டும். எழுதிய கேள்விகளைச் சமுதாய நலச் செவிலியம், குழந்தை நலம், புள்ளியியல் ஆகிய துறை வல்லுநர்களிடம் கொடுத்து அளக்கவேண்டியதைத்தான் கேள்விகள் அளக்கின்றன என்ற உள்ளடக்க ஏற்புடைமை பெறுவது வழக்கம். வல்லுநர் சான்றிதழோடு நின்றுவிடாமல், அதே வயதுள்ள நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லி, “இது என்ன கேட்கிறது?” என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ‘சுவாசத் தொற்று’ என்பதை எட்டாம் வகுப்பு மாணவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது பேராசிரியர்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

சரி, தவறு என்று மட்டும் மதிப்பெண் தரும் கேள்விகளுக்கு 1937-இல் வெளியான கூடர்-ரிச்சர்ட்சன் 20 வாய்ப்பாட்டையும், படிநிலை விடைகளுக்கு 1951-இல் வெளியான குரோன்பாக் ஆல்ஃபாவையும் பயன்படுத்தி, கேள்விகள் ஒன்றோடொன்று எந்த அளவு ஒத்துப்போகின்றன என்ற உள் ஒத்திசைவைக் கணக்கிடலாம். பொதுவாக 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

மதிப்பெண்ணைப் பொருள்கொள்வதில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகள் இருந்தால், எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறியிடும் மாணவரும் சராசரியாக ஏழு, எட்டு மதிப்பெண் எடுத்துவிடுவார். ஐம்பது சதவீதத்துக்குக் கீழ் போதாத அறிவு, 75 வரை ஓரளவு அறிவு, அதற்கு மேல் போதுமான அறிவு என்று பிரிக்கும் பழக்கம் வசதிக்காக ஏற்பட்டது. அந்த எல்லைகளுக்கு மருத்துவப் பொருள் எதுவும் கிடையாது. ‘சாப்பிடும் முன் கை கழுவவேண்டுமா?’ என்பது போன்ற, எல்லோரும் சரியாகச் சொல்லிவிடும் கேள்விகளால் வினாப்பட்டியை நிரப்பினால், கற்பித்த பின் மதிப்பெண் உயர இடமே இருக்காது.

பின்தேர்வில் மதிப்பெண் உயர்ந்துவிட்டால் கற்பித்தல் பலன் தந்தது என்று எழுதலாமா?

‘கற்பித்த ஏழாம் நாளில் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்திருந்தது’ என்று தயங்காமல் எழுதலாம். அதைத் தாண்டி எழுத, பாடம் நடத்தாமல் ஒப்பீட்டுக்காக மட்டும் அளக்கப்படும் கட்டுப்பாட்டுக் குழு ஒன்று வேண்டும். ஒரே வினாத்தாளை இரண்டாம் முறை பார்ப்பவர், பாடமே நடத்தாவிட்டாலும் கொஞ்சம் கூடுதலாக எடுப்பார். முதல் தேர்வு முடிந்து மணி அடித்ததும் பிள்ளைகள் வராந்தாவில் நின்று “பதினோராவதுக்கு என்ன போட்ட?” என்று பேசிக்கொள்வதே ஒரு கற்பித்தல்தான். இதற்கிடையில் அறிவியல் ஆசிரியர் அதே பாடத்தை நடத்தியிருக்கலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் டெங்கு பற்றித் தலைமை ஆசிரியர் பேசியிருக்கலாம்.

கட்டுப்பாட்டுக் குழுவை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் ‘அ’ பிரிவுக்குப் பாடம் நடத்திவிட்டு ‘ஆ’ பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழுவாக வைத்தால், மதியச் சாப்பாட்டு வேளைக்குள் செய்தி சுவரைத் தாண்டிவிடும். வேறு பள்ளியை எடுத்தால் கசிவு இருக்காது. ஆனால் ஒன்று அரசுப் பள்ளியாகவும் மற்றொன்று மெட்ரிக் பள்ளியாகவும் இருந்துவிட்டால், ஒப்பிடுவது கற்பித்தலையா, பெற்றோரின் வருமானத்தையா என்று தெரியாமல் போகும். ஒரே வட்டாரத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள இரண்டு பள்ளிகள் கிடைத்தால் ஓரளவு நியாயமாக இருக்கும். ஆய்வு முடிந்ததும் கட்டுப்பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்கும் அதே பாடத்தை நடத்திக் கொடுத்துவிடவேண்டும்.

இன்னொன்று. ‘பி மதிப்பு 0.001-க்குக் குறைவு’, அதாவது உண்மையில் மாற்றமே இல்லாதபோது இப்படி ஒரு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு மிகக் குறைவு, என்பதை மட்டும் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது போதாது. சராசரி வேறுபாடு எத்தனை மதிப்பெண், உண்மை வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95 சதவீத நம்பக இடைவெளி எவ்வளவு, விளைவின் அளவு சிறியதா பெரியதா என்பவற்றைச் சொன்னால்தான் படிப்பவருக்குப் பயன்.

அறிவு கூடினால் பழக்கமும் மாறிவிடும் அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படிக்கலாம். மாறிவிடும் என்று முன்கூட்டியே கொள்வதற்குச் சான்று இல்லை. ஆய்வேடுகளில் அறிவை மட்டும் அளந்துவிட்டு, முடிவுரையில் மாணவர்களின் சுகாதாரம் மேம்பட்டதாக எழுதுவது மிகப் பரவலான பிழை.

கை கழுவுதலை எடுத்துக்கொள்வோம். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஸ்டீஃபன் லூபியும் குழுவினரும் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 25 குடியிருப்புப் பகுதிகளில் இலவச சோப்பு தந்து, வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று கை கழுவுவதை ஊக்குவித்தார்கள். 11 பகுதிகள் ஒப்பீட்டுக்கு விடப்பட்டன. கை கழுவ ஊக்குவிக்கப்பட்ட வீடுகளில் 15 வயதுக்கு உட்பட்டோரின் வயிற்றுப்போக்கு 53 சதவீதமும், ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் நிமோனியா 50 சதவீதமும் குறைவாக இருந்தன. இவ்வளவையும் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டுவார்கள். அதன் தொடர்ச்சியைக் காட்டுபவர்கள் குறைவு. திட்டம் முடிந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அதே வீடுகளுக்குப் போனபோது, கை கழுவும் இடத்தில் சோப்பும் தண்ணீரும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதலாக இருந்தது. கழுவிக் காட்டச் சொன்னால் நன்றாகத் தேய்த்தும் கழுவினார்கள். ஆனால் சோப்பு வாங்கும் அளவில் மற்ற வீடுகளோடு வேறுபாடு இல்லை. வயிற்றுப்போக்கிலும் வேறுபாடு இல்லை. கற்றது கையில் இருந்தது, பலன் போய்விட்டது.

வாரந்தோறும் வீடு தேடி வந்து, சோப்பும் தந்த ஒரு முயற்சியின் நிலையே இது என்றால், முக்கால்மணி நேரப் பாடம் ஒன்று பழக்கத்தை மாற்றிவிட்டது என்று எழுதும் முன் நின்று யோசிக்கவேண்டும். பழக்கத்துக்கு அறிவு தேவை, ஆனால் குழாயும் தண்ணீரும் சோப்பும் நேரமும் அதைவிட முதலில் தேவை. இருநூறு பிள்ளைகள் சத்துணவுக்கு வரிசையில் நிற்கும் பள்ளியில் நான்கு குழாய்கள் இருந்து, அவற்றில் ஒன்றில் தண்ணீர் வராமலும் இருந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 40 முதல் 60 விநாடிக் கை கழுவும் முறையை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையும் தட்டை ஏந்திக்கொண்டு விரல் நுனியை நனைத்துவிட்டுத்தான் ஓடும். எனவே பழக்கத்தைப் பற்றி ஆய்வு செய்பவர் முதல் நாளிலேயே குழாய்களை எண்ணி, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளவேண்டும். அந்தக் குறிப்பு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒளிந்துகொள்ளாமல் முடிவுகள் இயலில் இடம்பெறவேண்டும்.

பழக்கத்தை எப்படி அளப்பது? மாணவர்களையே கேட்டால் போதாதா?

கேட்கலாம், ஆனால் அந்த விடையை அப்படியே நம்ப இயலாது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், வகுப்பாசிரியர் பின்னால் நிற்க, ‘தினமும் இருமுறை பல் துலக்குகிறாயா?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்று எழுதாது. ‘நேற்று இரவு படுக்கும் முன் பல் துலக்கினாயா?’ என்று குறிப்பிட்ட ஒரு நேரத்தைப் பற்றிக் கேட்டால் விடை சற்று நேர்மையாக வரும்.

நேரில் பார்ப்பது அதைவிட நல்லது. நகம், தலைமுடி, பற்கள், சீருடை ஆகியவற்றைச் சரிபார்ப்புப் பட்டியல் வைத்துக் குறிக்கலாம். அதற்கும் ஒரு நெளிவு உண்டு: நகம் பார்க்கும் நாள் இன்னது என்று முன்பே தெரிந்துவிட்டால், முதல் நாள் இரவே வீட்டில் நகவெட்டி தேடப்படும். பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே நடத்தையை மாற்றுவதை, சிகாகோ அருகே இருந்த ஒரு தொழிற்சாலையின் பெயரால் ஹாத்தார்ன் விளைவு என்பார்கள். அதைத் தணிக்க, பார்வையாளர் சில நாட்கள் வெறுமனே வந்து போய்ப் பழகிவிட்டுப் பின் குறிக்கத் தொடங்கலாம். இரண்டு பேர் தனித்தனியே குறித்து எந்த அளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கவும் வேண்டும்.

யாரையும் உற்றுப் பார்க்காமல் அளக்கும் வழிகளும் இருக்கின்றன. குழாயடியில் வைத்த சோப்பை வெள்ளிக்கிழமை மாலை எடைபோட்டுப் பார்த்தால் வாரத்துக்கு எவ்வளவு கரைந்தது என்று தெரியும். பழைய காலுறைக்குள் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. சோப்பு காணாமல் போகாது, எடைபோடவும் எளிது. தண்ணீர் பட்டு வீணாவதும் எடைக் குறைவில் சேரும் என்பதால் இதை மற்ற அளவைகளோடு சேர்த்தே பயன்படுத்தவேண்டும்.

மாதவிடாய்க் காலச் சுத்தம் பற்றி ஆய்வு செய்யும்போது தனிக் கவனம் தேவையா?

தேவை. தமிழ்நாடு அரசு வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் தரும் புதுயுகம் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருவதால், ‘நாப்கின் பயன்படுத்துகிறாயா, துணியா?’ என்ற கேள்வி இங்கே பழைய கேள்வியாகிவிட்டது. நாடு முழுவதும்கூட, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைக் கையாள்வோர் 2015-16-இல் 57.6 சதவீதமாக இருந்து 2019-21-இல் 77.3 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். இன்று கேட்கவேண்டியவை வேறு: பள்ளியில் மாற்ற இடம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பயன்படுத்தியதை எங்கே போடுகிறார்கள், எரிப்பான் இருந்தால் அது வேலை செய்கிறதா, அந்த நாட்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், வயிற்றுவலிக்கு என்ன செய்கிறார்கள்.

தரவு சேகரிப்பவர் பெண்ணாக இருப்பது நல்லது. மாணவியரைத் தனி அறைக்கு அழைத்து, பெயர் எழுதாத தாளைக் கொடுத்து, நிரப்பியதைத் தாங்களே மடித்து ஒரு பெட்டியில் போடச் செய்யலாம். இன்னும் பூப்படையாத மாணவியர் வகுப்பில் இருப்பார்கள் என்பதை வினாப்பட்டி மறந்துவிடக்கூடாது. ‘இது எனக்குப் பொருந்தாது’ என்ற கட்டம் இல்லாத தாள் ஒரு பிள்ளையைப் பொய் எழுதவோ கூச்சப்படவோ வைக்கும்.

பதற்றத்தை அளக்க எந்தக் கருவி ஏற்றது?

அறிவை அளக்கும் வினாப்பட்டியை நாமே எழுதலாம். பதற்றத்தை அளக்கும் கருவியை நாமே எழுதத் துணிவது சரியல்ல. ஏற்கெனவே சோதித்து நிலைபெற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். எதை எடுப்பது என்பது எதை அளக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஸ்பீல்பெர்கரின் எஸ்.டி.ஏ.ஐ. அளவையில் ‘இந்த நொடி எப்படி இருக்கிறீர்கள்’ என்பதற்கு 20 கூற்றுகளும், ‘பொதுவாக எப்படி இருப்பீர்கள்’ என்பதற்கு 20 கூற்றுகளும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் 20 முதல் 80 வரை. தேர்வறைக்குள் நுழையும் முன் இருக்கும் படபடப்பை முதல் பகுதிதான் காட்டும், இரண்டாவது அவ்வளவு சீக்கிரம் மாறாது. ‘நான் அமைதியாக உணர்கிறேன்’ என்பது போன்ற நேர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடவேண்டும். அதை மறந்து கூட்டியதால் நிம்மதியான பிள்ளையும் பதறிய பிள்ளையும் ஒரே மதிப்பெண் பெறும் அட்டவணைகள் வருவதுண்டு. இந்த அளவை உரிமம் பெற்றுப் பயன்படுத்தவேண்டியது. தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதன் குழந்தைகளுக்கான வடிவம் தனியே இருக்கிறது.

2006-இல் வெளிவந்த ஜி.ஏ.டி.-7 என்ற பதற்ற அளவை கட்டணமில்லாதது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஏழு கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 5, 10, 15 ஆகியவை இலேசான, நடுத்தரமான, கடுமையான பதற்றத்தின் தொடக்க எல்லைகள். எட்டு முதல் 18 வயதுக்கென்றே உருவான 41 கூற்றுகள் கொண்ட ஸ்கேர்டு அளவையும் உண்டு. அதற்குப் பெற்றோர் நிரப்பும் வடிவமும் இருக்கிறது.

1959-இல் வந்த ஹாமில்டன் பதற்ற அளவையைப் பள்ளி ஆய்வுகளில் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பதற்றக் கோளாறு இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்ட நோயாளியைப் பயிற்சி பெற்ற மருத்துவர் நேர்கண்டு மதிப்பிடுவதற்காக அது எழுதப்பட்டது. அதைப் படியெடுத்து வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு விநியோகிப்பது அந்தக் கருவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி.

எந்தக் கருவியானாலும் அது தரும் எண் ஒரு சல்லடை மட்டுமே. ‘இருபது சதவீத மாணவர்களுக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறது’ என்று எழுதக்கூடாது. ‘இந்த அளவையில் இந்த எல்லையைத் தாண்டினார்கள்’ என்று எழுதவேண்டும். தமிழ் வடிவத்தை யார் உருவாக்கினார்கள், அதைத் திரும்ப மூலமொழிக்கு மறுமொழிபெயர்ப்பு செய்து சரிபார்த்தார்களா என்பதையும் சொல்லவேண்டும்.

எந்த மாதத்தில் அளந்தால் சரியாக இருக்கும்?

நம் பள்ளி ஆண்டில் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு. என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில் பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, தேர்வு, முடிவுகள் என்று 81 சதவீத மாணவர்கள் சொன்னார்கள். அப்படியானால் தேர்வுக்கு முந்தைய வாரம் முன்தேர்வும், தேர்வு முடிந்த வாரம் பின்தேர்வும் எடுக்கும் ஆய்வில், நடுவில் நீங்கள் சொல்லிக்கொடுத்த மூச்சுப்பயிற்சி இல்லாமலேயே பதற்றம் இறங்கியிருக்கும். இப்படி அமைந்த ஆய்வுகள் எல்லாமே ‘வெற்றி’ பெறுகின்றன.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு மாயம் உண்டு. முதல் அளவீட்டில் மிக அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி தந்தால், பயிற்சி எதுவானாலும் அடுத்த அளவீட்டில் அவர்களின் சராசரி இறங்கும். அன்றைக்கு ஏதோ காரணத்தால் உச்சத்தில் இருந்தவர்கள் இயல்புக்குத் திரும்புவதால் நேர்வது அது. இரண்டுக்கும் ஒரே மருந்து, அதே நாட்களில் அளக்கப்படும் கட்டுப்பாட்டுக் குழு.

ஜேக்கப்சன் தசைத் தளர்வுப் பயிற்சி, பிராணாயாமம், இசை போன்றவை மாணவர்களின் பதற்றத்தைக் குறைக்குமா?

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் ஜேக்கப்சன் முறை தேர்வுப் பதற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆதரவான ஆய்வுகள் இருக்கின்றன. மெதுவான மூச்சுப்பயிற்சிக்கும் அப்படியே. இவற்றால் கெடுதல் நேர்வது அரிது, செலவு இல்லை, செவிலியர் கற்றுத்தர முடியும். குறை எங்கே என்றால், பெரும்பாலான ஆய்வேடுகள் ஒரு வாரம், பத்து நாள் பயிற்சியோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனை பிள்ளைகள் எத்தனை நாள் உண்மையில் செய்தார்கள் என்ற வருகைக் குறிப்புகூட பல ஆய்வேடுகளில் இருப்பதில்லை. மூன்று மாதம் கழித்து ஒருமுறை போய், இன்னும் யார் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதும் ஆய்வேடு, புதிதாக இன்னொரு பயிற்சியைச் சோதிக்கும் ஐந்து ஆய்வேடுகளை விடப் பயனுள்ளது.

விடைத்தாளில் ஒரு மாணவர் கடுமையான பதற்றத்தையோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையோ குறிப்பிட்டிருந்தால் என்ன செய்வது?

இதற்கான திட்டம் தரவு சேகரிக்கும் முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். தாள்களை அன்று மாலையே பார்த்துவிடவேண்டும். கட்டிவைத்துவிட்டு மூன்று வாரம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது கண்டுபிடித்துப் பயனில்லை. ஆகவே இத்தகைய கேள்விகள் உள்ள ஆய்வில் பெயரற்ற தாளுக்குப் பதில், ஆய்வாளர் மட்டும் அறிந்த குறியீட்டு எண் வேண்டும். அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி, ஆய்வு வழிகாட்டியிடம் உடனே தெரிவித்து, பெற்றோருக்கு முறையாகச் சொல்லி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ சேர்ப்பிக்கவேண்டும். டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் கிடைக்கும். தரவு சேகரிக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த எண்ணை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். எழுதியதை யாரிடமும் சொல்லமாட்டோம் என்ற ரகசியக் காப்பு உறுதிமொழிக்கு இங்கே எல்லை உண்டு என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடவேண்டும்.

ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். அதை ஆய்வாளரின் விருப்பத்துக்குச் சட்டம் விடவில்லை.

தலைமை ஆசிரியர் அனுமதி தந்துவிட்டால் போதுமா?

போதாது. கல்லூரியின் நெறிமுறைக் குழு, அரசுப் பள்ளியாக இருந்தால் மாவட்டக் கல்வித் துறை, தலைமை ஆசிரியர், பெற்றோர், கடைசியாக அந்தப் பிள்ளை என்று ஐந்து வாசல்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவை வாய்மொழியாகவும், பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்து வடிவிலும் பெறவேண்டும் என்கின்றன; பெற்றோரின் ஒப்புதல் இதற்கு மேல் தனி. வகுப்பில் தாளை நீட்டிவிட்டு “எல்லோரும் கையெழுத்துப் போடுங்க” என்று சொல்வது இசைவு ஆகாது. விருப்பமில்லாத பிள்ளை எழுந்து போகாமலேயே விலகிக்கொள்ள ஒரு வழி வேண்டும். தாளை வெறுமையாக மடித்துக் கொடுக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுவது எளிய வழி.

எத்தனை மாணவர்கள் வேண்டும்? எல்லோரும் அறுபது பேர் எடுக்கிறார்களே?

அறுபது என்பது பழக்கத்தால் வந்த எண். ஒரே குழுவில் முன், பின் என்று ஒப்பிட்டு நடுத்தர அளவு மாற்றத்தைக் கண்டறிய 34 பேரே போதும். இரண்டு தனிக் குழுக்களை ஒப்பிட்டு அதே அளவு வேறுபாட்டைக் கண்டறியக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். மாணவர்களைத் தனித்தனியே பிரிக்காமல் வகுப்பு வகுப்பாக எடுத்தால் கணக்கு இன்னும் ஏறும்: ஒரு வகுப்பில் 30 பேர் இருந்து, ஒரே வகுப்பினரின் விடைகள் எவ்வளவு ஒத்திருக்கும் என்று காட்டும் ஒற்றுமைக் கெழு 0.05 என்று கொண்டால், தேவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிக் குழுவுக்கு 157 பேரை எட்டும். புள்ளியியலாளரைத் தரவு சேகரித்த பின் பார்க்காமல் முன்பே பார்ப்பது நல்லது.

நர்சிங் மாணவர்களின் பதற்றத்தையே ஆய்வுப் பொருளாக எடுக்கலாமா?

எடுக்கலாம், முதலாண்டு மாணவர்கள் முதன்முறை வார்டுக்குள் போகும் நாட்கள் நல்ல களம். ஊசி போடும்போது கை நடுங்கும் பயம், நோயாளியின் உறவினர் கத்துவாரோ என்ற பயம், சிஸ்டர் திட்டுவாரோ என்ற பயம் ஆகியவை தனித்தனியானவை. பொதுவான அளவை ஒன்று இவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆனால் அகமதிப்பெண் போடும் ஆசிரியரே ஆய்வாளராக இருந்தால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள், உண்மையும் எழுத மாட்டார்கள். வேறு கல்லூரி மாணவர்களை எடுப்பதோ, மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு தரவு சேகரிப்பதோ நல்லது.

ஆய்வு முடிந்தபின் பள்ளிக்கு என்ன தரவேண்டும்?

நூறு பக்க ஆய்வேட்டின் படி தேவையில்லை. தலைமை ஆசிரியர் அதை அலமாரியில் வைத்துவிடுவார். தமிழில் இரண்டு பக்கம் போதும். எந்தப் பிள்ளையையும் அடையாளம் காட்டாமல், எத்தனை பேரிடம் கேட்டோம், என்ன தெரிந்தது, பள்ளியால் உடனே செய்யக்கூடியது எது என்பதை எழுதலாம். குழாய், தாழ்ப்பாள், எரிப்பான் பற்றிய கண்டறிதல்களைத் தனித்தாளில் எழுதிக்கொடுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கத் தலைமை ஆசிரியருக்கு வசதியாக இருக்கும். பிள்ளைகள் நிரப்பிய தாள்களைப் பூட்டிய அலமாரியிலும், பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள பட்டியலை வேறோர் இடத்திலும் வைத்து, கல்லூரி விதிக்கும் காலம் முடிந்ததும் இரண்டையும் அழித்துவிடவேண்டும். விடைத்தாள்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வழிகாட்டிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை முதல் நாளிலேயே நிறுத்திவிடுவது நல்லது.